சரிபார்க்க முடிந்த பேச்சு: தனி ஆலோசகர் டிராய் ஹன்ட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகருக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகளில் முன்னால் வந்து நிற்பது "சமூக ஊடகத்தில் உண்மையாக இருங்கள்" என்பதுதான். உண்மையாக இருப்பது என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வார்ப்பு கிடைக்கிறது: முதல் வாடிக்கையாளர் கைவிட்ட கதை, மனம் உடைந்த இரவு, அதிலிருந்து கற்ற ஐந்து பாடங்கள். இந்த வார்ப்பில் வரும் பதிவுகளுக்கு விருப்பக்குறிகள் விழுகின்றன. அவற்றால் ஆலோசனை வேலை வருகிறதா, எழுதியவர் சொன்னால் துறை காது கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்காக இங்கே எடுத்துக்கொள்வது டிராய் ஹன்ட்டின் தொழில்வாழ்வு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு ஆலோசகர் அவர். அவரைத் தேர்ந்தெடுக்கப் புகழ் காரணமில்லை. 2009 முதல் அவர் எழுதியவை தேதியோடு அவருடைய தளத்திலேயே இருக்கின்றன. எதை எப்போது சொன்னார், அதன் பின் என்ன நடந்தது என்று யாரும் வரிசையாகப் பார்க்கலாம். ஆலோசகர்களின் வெற்றிக் கதைகளில் இந்த வசதி அரிது. பெரும்பாலானவை வெற்றிக்குப் பிறகு பின்னோக்கி எழுதப்பட்டவை.

சம்பளத்தில் இருந்த ஆண்டுகள்

2009இல் ஹன்ட் ஃபைசர் மருந்து நிறுவனத்தில் ஊழியர். ஆசிய பசிபிக் பகுதியின் மென்பொருள் கட்டமைப்பு அவர் பொறுப்பில் இருந்தது. அந்த ஆண்டு தன் பெயரிலேயே ஒரு தளம் தொடங்கி எழுத ஆரம்பித்தார். முதல் பதிவின் பொருளே, இணையத்தில் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்திருப்பது தொழிலுக்கு ஏன் நல்லது என்பதுதான். "ஏதோ தோன்றியதை எழுதினேன், உலகம் கண்டுகொண்டது" என்ற அடக்கமான புராணத்துக்கு இங்கே இடமில்லை. கணக்குப் போட்டுத்தான் தொடங்கினார், அந்தக் கணக்கை மறைக்கவும் இல்லை. உள்நோக்கம் இருந்தால் உண்மைத்தன்மை போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் வேலை 2010இல் தொடங்கிய ஒரு கட்டுரைத் தொடர். இணையப் பயன்பாடுகளைத் தாக்கும் மிகக் கடுமையான பத்து ஆபத்துகளை ஓவாஸ்ப் என்ற அமைப்பு பட்டியலிட்டு வெளியிடுகிறது. பட்டியல் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததே. ஹன்ட் அதை எடுத்து, மைக்ரோசாஃப்டின் டாட் நெட் தளத்தில் நிரல் எழுதுபவர்களுக்காக ஒவ்வோர் ஆபத்தையும் பிரித்து விளக்கினார். ஓட்டை உள்ள நிரல் இது, இதைத் தாக்குவது இப்படி, அடைப்பது இப்படி என்று நிரலோடும் கணினித் திரையின் படங்களோடும் எழுதினார். பத்துக் கட்டுரைகளும் முடிய 2011 இறுதி ஆயிற்று. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து இலவச மின்னூலாகக் கொடுத்துவிட்டார்.

பத்துக் கட்டுரைகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல். தினமும் ஒரு பதிவு போடச் சொல்லும் பள்ளியில் இதற்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடைக்காது.

அந்தத் தொடர் எடுபட்டதற்கு எழுத்து நடையைவிட அவர் நின்ற இடம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு வல்லுநர்கள் அப்போது பெரும்பாலும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நிரலாளர்களுக்கோ பாதுகாப்பு என்பது கடைசி வாரத்தில் வேறு யாரோ வந்து செய்துவிட்டுப் போகும் சோதனை. இரு தரப்புக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் ஹன்ட் போய் நின்றார். அவர் அங்கே நிற்க முடிந்ததற்கு அவருடைய பதவியே காரணம். பிறர் எழுதிய நிரல்களை மேற்பார்ப்பது அவர் வேலை, அவற்றில் ஒரே வகைத் தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எழுதுவதற்கான பொருளை அவர் தேடிப் போகவில்லை. அன்றாட வேலையில் அலுக்க அலுக்கச் சொல்ல வேண்டியிருந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தார்.

இன்னொன்று. அந்தக் கட்டுரைகளை நம்ப ஹன்ட்டை நம்ப வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. வாசகர் அந்த நிரலைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். தாக்குதல் பலித்தால் எழுதியவர் சொன்னது சரி, பலிக்காவிட்டால் தவறு. அப்படி ஓட்டிப் பார்த்துச் சரி என்று கண்ட ஒருவர், அடுத்த கட்டுரையைப் பாதி நம்பிக்கையோடு திறக்கிறார். பத்தாவது கட்டுரையில் அவர் சரிபார்ப்பதையே விட்டுவிடக்கூடும். தொழிலில் ஒருவர் சொல்லுக்கு மதிப்பு ஏறுவது இந்த வழியில்தான்.

டெஸ்கோவும் ட்விட்டரும்

2012 ஜூலை இறுதியில் ஹன்ட், பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடித் தொடரான டெஸ்கோவின் இணையதளத்தைப் பற்றி எழுதினார். கடவுச்சொல்லை மறந்த வாடிக்கையாளருக்கு அந்தத் தளம் அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அப்படியே அனுப்பிவைத்தது. அப்படி அனுப்ப முடிகிறது என்றாலே, கடவுச்சொற்களை மீட்க முடியாத வடிவுக்கு மாற்றி வைக்கும் முறையை அவர்கள் பின்பற்றவில்லை என்று பொருள். இதை ட்விட்டரில் சுட்டிக்காட்டியபோது, கடவுச்சொற்கள் பாதுகாப்பாகத்தான் இருக்கின்றன, நினைவூட்டு மின்னஞ்சலில் ஒட்டும்போது மட்டும்தான் சாதாரண எழுத்தாக மாறுகின்றன என்ற பொருளில் நிறுவனத்தின் கணக்கு பதில் சொன்னது. ஹன்ட்டின் கட்டுரையைவிட அந்தப் பதில்தான் அதிகமாகப் பரவியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் விசாரிக்க முன்வந்தது.

சமூக ஊடகத்தின் பங்கைச் சரியாக மதிப்பிட இந்த நிகழ்வு உதவும். ட்விட்டர் கூட்டத்தைச் சேர்த்தது. வந்தவர்கள் போய்ச் சேர்ந்ததோ ஒரு நீண்ட கட்டுரைக்கு. அதில் டெஸ்கோவின் தளத்தில் வெளியிலிருந்தே தெரியும் குறைகள் ஒவ்வொன்றாக ஆதாரத்தோடு அடுக்கப்பட்டிருந்தன. யாருடைய கணினிக்குள்ளும் நுழையாமல், சாதாரண உலாவியில் எவரும் பார்க்கக்கூடியவை. வெறும் கிண்டல் ட்வீட்டாக நின்றிருந்தால் ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். கட்டுரை மட்டும் இருந்திருந்தால் நிரலாளர்கள் சிலர் படித்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்ததால் பத்திரிகைகள் வந்தன. பாதுகாப்புச் செய்தி எழுதும் நிருபர்களுக்கு, தொழில்நுட்பத்தை மனிதமொழியில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு கிடைத்துவிட்டது.

பிறர் குறையை எடுத்து எழுதி வளரும் முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. அது சீக்கிரம் வேட்டையாகிவிடும். ஹன்ட்டின் பாணியில் எனக்கும் சில இடங்களில் ஏளனம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் ஆபத்தான ஓட்டைகளில் அவர் பொறுத்திருக்கிறார். நிசான் லீஃப் மின்காரின் செயலியில், காரின் அடையாள எண் தெரிந்தால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் அதன் குளிரூட்டியை இயக்கலாம், பயண விவரங்களைப் பார்க்கலாம் என்று 2016இல் தெரியவந்தது. ஹன்ட் முதலில் நிறுவனத்துக்குச் சொல்லி ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்துவிட்டுத்தான் எழுதினார். அவர் எழுதிய பிறகு அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. எதை உடனே வெளியிடலாம், எதற்குப் பொறுக்க வேண்டும் என்ற இந்தப் பகுப்பும் வாசகர் கண்முன்னே நடந்தது. ஆலோசகரை அமர்த்த நினைக்கும் ஒரு நிறுவனம் அவருடைய திறமையோடு இதையும் எடைபோடும்: நம் வீட்டுக் குறையை இவர் எப்படிக் கையாள்வார்?

எழுத்திலிருந்து கருவிக்கு

2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து பதினைந்து கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் தரவு கசிந்தது. அதை ஆராய்ந்துகொண்டிருந்த ஹன்ட், அந்த ஆண்டு டிசம்பரில் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தைத் தொடங்கினார். மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று சொல்லும். கட்டணம் இல்லை. தொடக்கத்தில் ஐந்து கசிவுகளின் தரவு மட்டுமே அதில் இருந்தது. மைக்ரோசாஃப்டின் அசூர் மேகச் சேவையில் பெருந்தரவை மலிவாகக் கையாளப் பழகும் ஆசையும் அதற்குப் பின்னால் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதைக் கட்டிய விதம், ஆன செலவு, செய்த தொழில்நுட்பத் தேர்வுகள் எல்லாமே பதிவுகளாயின. ஒரே உழைப்பு கருவியாகவும், பாடமாகவும், பேச்சுக்குப் பொருளாகவும் மூன்று முறை பயன்பட்டது.

கட்டுரை படித்தவர் போய்விடுவார், கருவி பயன்படுத்தியவர் திரும்பி வருவார் என்பது பொதுவான கணக்கு. இங்கே அதைவிட முக்கியமானது 2015இல் நடந்தது. திருமணத்துக்கு வெளியே உறவு தேடுபவர்களுக்கான ஆஷ்லி மேடிசன் தளம் ஊடுருவப்பட்டதாக ஜூலையில் செய்தி வந்தது. தரவு இன்னும் வெளிவரவில்லை. அப்போதே ஹன்ட், அது வெளிவந்தால் தன் தளத்தில் எப்படிக் கையாளப் போகிறார் என்று எழுதிவிட்டார். யார் வேண்டுமானாலும் இன்னொருவரின் முகவரியை இட்டுத் தேட அனுமதி கிடையாது. முகவரிக்கு உரியவர் தன் மின்னஞ்சலை உறுதிசெய்த பிறகே விடை கிடைக்கும். ஆகஸ்டில் தரவு கொட்டப்பட்டபோது, சொன்னபடியே செய்தார். தேடலைத் திறந்து விட்டிருந்தால் அந்த வாரம் அவர் தளத்துக்கு வந்திருக்கக்கூடிய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதை அவர் விட்டுக்கொடுத்தார். நெருக்கடிக்கு முன்பே எழுத்தில் வைத்த ஒரு விதி, நெருக்கடி வந்தபோது மீறப்படாமல் நின்றது. உண்மைத்தன்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த ஆய்வில் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே 2015இல்தான் அவர் வேலையை விட்டு வெளியே வந்தார். துல்லியமாகச் சொன்னால், 14 ஆண்டு இருந்த ஃபைசரில் அவருடைய பதவி நீக்கப்பட்டது. தான் அதற்குத் தயாராக இருந்ததையும் அதை வரவேற்றதையும் அவர் வெளிப்படையாக எழுதினார். அதற்குள் புளூரல்சைட் என்ற கட்டண இணையப் பயிற்சித் தளத்தில் 2013 முதல் வெளியான காணொளிப் பாடங்களுக்கு உரிமத்தொகை வந்துகொண்டிருந்தது. பயிலரங்குகளுக்கும் மாநாட்டுப் பேச்சுகளுக்கும் அழைப்புகள் இருந்தன. 2009இலிருந்து 2015வரை மாதச் சம்பளம் இருந்ததால்தான் ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டு பத்துக் கட்டுரை எழுத முடிந்தது, வருமானம் தராத ஒரு கருவியைக் கட்டி இலவசமாக விட முடிந்தது. வேலையை உதறிவிட்டு உள்ளடக்கத்தில் குதிக்கச் சொல்பவர்கள் இந்த ஆறு ஆண்டுகளைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்று கருதுகிறேன். ஹன்ட் தன் தளத்தில் எழுதியது, காணொளியாகப் போட்டது எதையும் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைக்கவில்லை. விற்றவை வேறு: நிரலாளர் குழுக்களுக்கு நேரடிப் பயிலரங்கு, மேடைப் பேச்சு, புளூரல்சைட் பாடங்கள். பயிலரங்கில் சொல்லித் தருவதன் சாரம் இலவசக் கட்டுரைகளிலேயே இருக்கிறது. இருந்தும் நிறுவனங்கள் காசு கொடுத்து அழைத்தன. அவை வாங்கியது தகவலை அல்ல. தங்கள் ஆட்கள் இருபது பேர் இரண்டு நாள் ஓரிடத்தில் அமர்ந்து தங்கள் கையாலேயே ஒரு தளத்தை உடைத்துப் பார்க்கும் அனுபவத்தை வாங்கின. இலவசமாகக் கொடுத்தால் யார் காசு கொடுப்பார்கள் என்று கையைப் பிசையும் ஆலோசகர் முதலில் யோசிக்க வேண்டியது, தான் விற்பது தகவலா, தகவலைச் செயலாக்குவதா என்பதை. தகவல் மட்டும்தான் என்றால் அந்தத் தொழிலுக்கே ஆயுள் குறைவு.

2016இல் தன் தளத்திலிருந்து விளம்பரங்களை நீக்கிவிட்டு, பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு வரி, படமோ பின்தொடரும் நிரலோ இல்லாத ஆதரவாளர் அறிவிப்பு என்ற முறைக்கு மாறினார். பாதுகாப்பும் அந்தரங்கமும் பேசும் ஒருவரின் பக்கத்தில் வாசகரைப் பின்தொடரும் விளம்பரம் ஓடினால் மற்றதெல்லாம் வீண். தான் என்ன போதிக்கிறாரோ அதோடு முரண்படாத வழியில் சம்பாதிப்பது எல்லாத் துறையிலும் எளிதில்லை. ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் தரகு கிடைக்கும் துறைகளில் இந்தச் சோதனையில் தேறுகிறவர்கள் குறைவு. வாசகர்கள் அதை நாம் நினைப்பதைவிட விரைவில் மோப்பம் பிடிக்கிறார்கள்.

2016 முதல் வாரம் ஒரு காணொளி போடுகிறார். அதன் அமைப்பு பெரிய அலங்காரம் ஏதுமற்றது. அந்த வாரம் என்ன வேலை செய்தார், எந்தக் கசிவு வந்தது, அதைப் பற்றி என்ன நினைக்கிறார். 2017 நவம்பரில் தரவுக் கசிவுகளுக்குப் பிந்தைய காலத்தில் அடையாளச் சரிபார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தார். எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் அரசுப் பதவியும் இல்லாத ஒருவரை அங்கே உட்கார வைத்தது, எட்டு ஆண்டுகளாகப் பொதுவெளியில் சேர்ந்திருந்த வேலைதான்.

விற்க முடியாத மதிப்பு

இந்தப் பாதையின் விலையும் ஆவணத்தில் இருக்கிறது. 2019 ஜனவரியில் 'கலெக்ஷன் 1' என்ற பெயரில் 77 கோடிக்கும் மேற்பட்ட தனித்தனி மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட தொகுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. அது ஏற்படுத்திய பரபரப்பில் அவர் களைத்துப் போனார். அந்த ஆண்டு ஜூனில், 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தின் ஒவ்வொரு வரி நிரலையும் ஒவ்வொரு கசிவையும் தான் ஒருவனே கையாள்வதாகவும் அது இனியும் ஓடாது என்றும் எழுதி, தளத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க முடிவு செய்ததை அறிவித்தார். கணக்குத் தணிக்கை, ஆலோசனை நிறுவனமான கே.பி.எம்.ஜி.யின் துணையோடு பேச்சு நடந்தது. பொதுமக்களுக்கான தேடல் இலவசமாகவே நீடிக்க வேண்டும், தானும் அதில் தொடர வேண்டும் என்பவை அவர் வைத்த நிபந்தனைகளில் சில. 2020 மார்ச்சில் பேச்சு முறிந்தது. வாங்க இருந்த நிறுவனத்தின் தொழில் திட்டம் மாறிப்போனதே காரணம் என்று அவர் விளக்கினார்.

முறிந்த காரணம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் நிபந்தனைகளைப் பார்த்தால் ஒரு முடிச்சு தெரிகிறது. திருடப்பட்ட தரவை வைத்திருக்கும் ஒரு தளத்தை மக்கள் நம்பியதற்குக் காரணம் அதன் பின்னால் இருந்த மனிதர். அவர் போனால் சரக்கின் மதிப்பு போய்விடும், அவர் இருந்தால் அது முழு விற்பனை ஆகாது. தன் பெயரில் கட்டிய தொழில்மதிப்பைப் பங்குபோடவோ, விற்கவோ, நோயுற்ற நாளில் இன்னொருவரிடம் விட்டுச் செல்லவோ முடியாது. தனி ஆலோசகர்கள் பதினைந்தாம் ஆண்டில் கேட்கும் கேள்வி இது, முதலாம் ஆண்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஹன்ட் கண்டுபிடித்த மாற்று, பாரத்தைப் பிரிப்பது. கசிந்த கடவுச்சொற்களைச் சரிபார்க்கும் பகுதியின் நிரலை 2021இல் யாரும் பார்த்துப் பங்களிக்கக்கூடிய திறந்த மூலமாக்கினார். அதற்குக் கசிந்த கடவுச்சொற்களைத் தொடர்ந்து தர அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் இணைந்தது. பெயர் அவருடையது, உழைப்பு பலருடையது என்ற நிலைக்குத் தளம் மெல்ல நகர்ந்தது.

2025 மார்ச்

லண்டனில் பயணக் களைப்போடு இருந்தபோது ஹன்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அஞ்சல் பட்டியல்களை நிர்வகிக்கும் மெயில்சிம்ப் அனுப்பியது போன்ற தோற்றம். அவர் கணக்கிலிருந்து அஞ்சல் அனுப்பும் வசதி கட்டுப்படுத்தப்பட்டதாகச் சொன்னது. போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியீட்டையும் இட்டுவிட்டார். சில நிமிடங்களில் அவருடைய வாசகர் பட்டியல் களவு போயிற்று, சுமார் 16,000 முகவரிகள். பட்டியலிலிருந்து விலகியவர்களின் முகவரிகளும் அதில் இருந்தன.

உலகுக்கே எச்சரிக்கை சொல்பவர் தூண்டிலில் சிக்கினார். அன்றே அவர் அதை எழுதி வெளியிட்டார்: வந்த மின்னஞ்சலின் படம், தான் எங்கே சறுக்கினார், கடவுச்சொல் மேலாளர் (கடவுச்சொற்களைச் சேமித்து, உரிய தளத்தில் மட்டும் நிரப்பும் செயலி) தானாக நிரப்பாததை ஏன் பொருட்படுத்தவில்லை, விலகியவர்களின் தரவு ஏன் இன்னும் இருந்தது. வாசகர்களுக்குத் தெரிவித்தார், அந்தக் கசிவைத் தன் தளத்திலேயே ஏற்றினார். கசிந்தால் மறைக்காதீர்கள், உடனே சொல்லுங்கள், விவரமாகச் சொல்லுங்கள் என்று பத்து ஆண்டுக்கு மேலாக நிறுவனங்களிடம் அவர் கேட்டுவந்ததை இப்போது அவரே செய்ய வேண்டியிருந்தது.

இதைத் 'தோல்வியைப் பகிர்தல்' என்ற வகைப் பதிவோடு சேர்த்துவிடக் கூடாது. அந்த வகையில் தோல்வி ஒரு படிக்கட்டு, கடைசியில் எழுதியவர் உயர்ந்து நிற்பார். இங்கே பதிவின் பயன் படிப்பவர்களுக்கு: தாக்குதலின் உடற்கூறு முழுதும் அதில் இருக்கிறது. தவறே செய்யாதவர் என்ற பிம்பத்தில் அவர் மதிப்பு நின்றிருந்தால் அன்று சரிந்திருக்கும். அவர் மதிப்பு செய்முறையில் நின்றது, அந்தச் செய்முறையைத் தன் மீதே பாய்ச்சினார்.

எதை எடுத்துக்கொள்ள முடியாது

ஹன்ட்டுக்கு இருந்த ஒரு வசதி பெரும்பாலான ஆலோசகர்களுக்கு இல்லை. அவருடைய மூலப்பொருள் திறந்த வெளியில் கிடந்தது. ஓர் இணையதளத்தின் குறையைக் காட்ட யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மனிதவள ஆலோசகர், வரி ஆலோசகர், நிறுவனங்களை மீட்டெடுக்கும் ஆலோசகர் போன்றோர் பார்க்கும் சுவையான விஷயமெல்லாம் வாடிக்கையாளரின் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பெயரை மாற்றி எழுதினாலும் சிறிய துறையில் யார் என்று தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த நாளில் வாசகர்கள் இருப்பார்கள், வாடிக்கையாளர்கள் இருக்க மாட்டார்கள்.

இவர்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. முதலாவது, பொதுவில் கிடைக்கும் ஆவணங்களில் வேலை செய்வது. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், புதிய விதிகளின் வரைவு, தீர்ப்புகள், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள், வேலை விளம்பரங்கள் எல்லாம் எல்லோருக்கும் திறந்தவை. ஒரு வரி ஆலோசகர் புதிய விதி வெளியான வாரத்திலேயே அதன் ஒரே ஒரு பிரிவை எடுத்து, மூன்று வகைத் தொழில்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால், படிப்பவர் தன் கணக்கில் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து நடைமுறை வேறாக அமைந்தால் பழைய பதிவின் கீழேயே தேதியோடு திருத்தம் எழுதலாம். இரண்டாவது வழி, ஒப்பந்தத்திலேயே பேசிவிடுவது: வேலை முடிந்த பின் எதை, எவ்வளவு மறைத்து, யார் பார்த்து ஒப்பிய பிறகு வெளியிடலாம் என்று ஒரு பிரிவு. சிலர் மறுப்பார்கள். சம்மதிப்பவர்கள் கிடைத்தால், ஆண்டுக்கு இரண்டு நீண்ட எழுத்துக்குப் போதுமான பொருள் அதில் இருக்கும்.